ஏழின் குறுக்கே ஒரு கோடு

பனியில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்.
ஆம்புலன்ஸின் பின்கதவு, ஒரு படி,
கீழே உறைந்த சேறு.
குண்டு இல்லை, சிதறல் இல்லை.
முழங்காலுக்குள் ஏதோ
ஈரத்துணிபோல் கிழிந்தது.
எப்படி அடிபட்டது என்று கேட்பவர்களிடம்
வழுக்கினேன் என்று சொல்லி முடிப்பதற்குள்
அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

லிவிவில், மூன்றாம் மாடியில்,
ஒஸ்தாப் அந்தப் பட்டையை
என் தொடையில் சுற்றியபோது
கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று,
மார்க்கர் பேனாவைத் தேடி.

பதினேழு மாதம் நான் போட்ட கட்டுகள்
ஒவ்வொன்றின் மேலும் நேரம் எழுதியிருக்கிறேன்.
05:40. 13:12.
எழுத இடமில்லாதபோது நெற்றியில்.
குச்சியைத் திருகத் திருக
என்னைப் பெற்றவளை வைது கத்துவார்கள்.
கத்தட்டும்.
கத்துகிறவன் இருக்கிறான்.

"இது அது இல்லை, யரினா."
கணுக்காலில் கருவியை வைத்துக்
காற்றை ஏற்றிக்கொண்டே போனான்.
நாடி அடங்கிய இடத்தைக் காதால் கண்டு
அங்கிருந்து கொஞ்சம் இறங்கி வந்து நிறுத்தினான்.
வரத்து கொஞ்சம் உண்டு.
போக்கு இல்லை.
மடை சாத்திய வாய்க்காலாய்ப்
புடைத்தது கால்.

இரண்டு கிலோ.
என் மருந்துப்பையின் பக்க அறையே
அதைவிடக் கனம்.
முப்பது முறை நீட்டி மடக்கு என்றான்.
பத்தொன்பது வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறில் சிரிப்பைக் காணோம்.
அரை நிமிட மூச்சு. பதினைந்து.
அரை நிமிடம். பதினைந்து.
இரண்டு கிலோ இருபதாகி
இருபது ஒரு ஆளாகி
(எந்த ஆள் என்று எனக்குத் தெரியும்,
அந்த ஆற்றங்கரைச் சரிவும் தெரியும்)
தொடைக்குள் அடுப்பு எரிந்தது.

"தசைக்கு எடை தெரியாது," என்றான் ஒஸ்தாப்.
"திணறல்தான் தெரியும்.
பாறையைத் தூக்கிவிட்டோம் என்று நினைத்து
வளர ஆரம்பிக்கும்."

ஆக, கட்டுக்கதை.
கட்டு சொல்கிறது, கால் நம்புகிறது.
தைத்த மூட்டுக்கு மட்டும்
உண்மை தெரியும், பாரம் இல்லை என்று.
அது பேசாமல் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஸெனோவி.
நாற்பது தேனீப் பெட்டிகள் வைத்திருந்தவர்,
இப்போது ஒன்றரைக் கால்.
மிச்சத் தொடையில் அவருக்கும் அதே பட்டை.
கூரையைப் பார்த்தபடி சொன்னார்:
"என் கட்டில் 07:25 என்று இருந்தது.
எழுதினவன் முகம் நினைவில்லை.
கையெழுத்து மட்டும் நினைவிருக்கிறது, படுமோசம்."

"ஏழின் குறுக்கே கோடு இருந்ததா?"

யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.
"இல்லை."

"அப்படியென்றால் நான் இல்லை.
நான் எப்போதும் போடுவேன்."

"நீ இல்லை," என்றார்,
மன்னித்துவிட்டதுபோல்.
எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

கடைசிப் பதினைந்து.
பன்னிரண்டில் கத்தினேன்.
ஒஸ்தாப்பைப் பெற்றவளை வைதேன்.
அவன் தலையாட்டிக்கொண்டு எண்ணினான்.

பிறகு திருகைத் திறந்தான்.
உஸ்ஸென்று காற்று இறங்க
விரல்நுனிவரை சூடு ஓடியது.
கருஞ்சிவப்பு மெல்லக் கலைந்து
கால் கால்நிறத்துக்குத் திரும்புவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கட்டியதெல்லாம் நான்.
அவிழ்த்ததெல்லாம் வேறு யாரோ,
வேறு ஊரில், விளக்கெரியும் மேசையில்.
ஒன்றைக்கூட நான் அவிழ்த்துப் பார்த்ததில்லை.
அவிழ்க்க முடிந்ததா என்று கேட்டதுமில்லை.

"வியாழன் ஒன்பது மணி," என்றான் ஒஸ்தாப்.
அட்டையில் குறித்துக்கொண்டான்:
எழுபத்தைந்து முறை.
வலி, பத்துக்கு 7.

குறுக்கே கோடு இல்லை.

இந்த ஊரில் எத்தனையோ பேர் அப்படி எழுதுவார்கள்.
ஸெனோவி கண்ணை மூடியிருந்தார்.
ஊன்றுகோலை எடுத்துக்கொண்டேன்,
படிகள் இருக்கின்றன, முப்பத்தெட்டு.